தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட்’: எல்லையோர வாசகசாலையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும் மென்பொருள்களில், ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது ‘டீச் யுவர் மான்ஸ்டர் டு ரீட்’ என்னும் விளையாட்டைத்தான். ஆனால் தமிழ் பேசும் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விடக் கூடாது என்பதையும் கூடவே சொல்லியாக வேண்டும். அதற்கான காரணம் மென்பொருளின் குறைபாடு அன்று. அது யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதில் இருக்கிறது.

முதலில் அதன் பூர்வீகம். பிரிட்டனின் புகழ்பெற்ற சிறுவர் நூல் பதிப்பாளர் பீட்டர் அஸ்போர்ன் நிறுவிய அஸ்போர்ன் அறக்கட்டளை, ரோஹாம்ப்டன் பல்கலைக்கழகத்துக் கல்வியாளர்களின் துணையோடு இதை உருவாக்கியது. கணினியில் உலாவி வழியாக விளையாடக் கட்டணம் இல்லை. கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் உரிய செயலியை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும். இடையில் விளம்பரங்கள் குறுக்கிடுவதில்லை. இலவசம் என்று சொல்லிப் பிள்ளையின் கண்முன்னே மிட்டாய்க் கடை விரிக்கும் செயலிகள் மலிந்த காலத்தில் இது சிறிய விஷயமன்று.

நான் இதைப் பயன்படுத்துவது பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலுள்ள ஒரு வாசகசாலையின் மாலை வகுப்பில். தென்னந்தோப்புகளுக்கு நடுவே, பொள்ளாச்சிப் பேருந்தும் பாலக்காட்டுப் பேருந்தும் ஒரே நிறுத்தத்தில் நிற்கும் ஊர் இது. வீட்டில் தமிழ், அலுவலகப் படிவங்களிலும் பேருந்துப் பலகைகளிலும் மலையாளம் என்று வளரும் பிள்ளைகளே இங்கு அதிகம். அவர்களில் சிலர் கேரளப் பாடத்திட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும், சிலர் மலையாளவழியிலும், இன்னும் சிலர் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். மூவகைப் பிள்ளைகளும் ஒரே கணினியின் முன் உட்காரும்போது ஒரு மென்பொருளின் பலமும் வரம்பும் சீக்கிரமே வெளிப்பட்டுவிடுகின்றன.

ஃபோனிக்ஸ் முறையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. பேச்சொலிகளோ ஏறத்தாழ 44. ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று நாம் காலங்காலமாகச் சொல்லிக்கொடுப்பது எழுத்தின் பெயரை. அந்தப் பெயரான ‘ஏ’ ஆப்பிள் என்னும் சொல்லில் எங்குமே ஒலிப்பதில்லை. ஃபோனிக்ஸ் முறையில் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, எழுத்து எழுப்பும் ஒலியை முதலில் சொல்லித்தருவார்கள். பிறகு ஒலிகளை அடுத்தடுத்து உச்சரித்து ஒன்றாக இழைத்துச் சொல்லாக்கப் பழக்குவார்கள். 1992இல் வெளிவந்த ஜாலி ஃபோனிக்ஸ் பாடத்திட்டம் 42 ஒலிகளை ஏழு தொகுதிகளாகப் பிரித்துக் கற்பித்து இம்முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்றது. 2006இல் வாசிப்புக் கற்பித்தல் பற்றிக் கல்வியாளர் ஜிம் ரோஸ் அளித்த அறிக்கைக்குப் பின் இங்கிலாந்துப் பள்ளிகளில் இதுவே தொடக்கநிலை வாசிப்பின் அடிப்படையாயிற்று. நாம் பார்க்கும் விளையாட்டும் அந்த மரபில் வந்ததுதான்.

விளையாட்டில் பிள்ளை தனக்கென ஒரு மான்ஸ்டரை நிறம், கண், கொம்பு என்று தேர்ந்து உருவாக்கிக்கொள்கிறது. அந்த மான்ஸ்டர் வழிநெடுக எழுத்துகளைச் சந்தித்து, அவற்றின் ஒலிகளைக் கேட்டு, சரியானவற்றைப் பிடித்து, பரிசுகள் சேர்த்துக்கொண்டு போகிறது. முதல் பகுதி எழுத்தொலிகளுக்கானது. இரண்டாவது, ஒலிகளைக் கூட்டத் தெரிந்து வாக்கியங்களுக்குள் நுழைபவர்களுக்கானது. மூன்றாவது, சிறு வாக்கியங்களை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கானது. தொடக்கத்தில் வரும் எழுத்துகள் எஸ், ஏ, டீ (T), பீ (P), ஐ, என் ஆகியவை. அகரவரிசையில் போகாமல் இவற்றை முன்னால் வைப்பதற்குக் காரணம், இந்த ஆறு எழுத்துகளைக் கொண்டே டின், பின், டிப் என்று ஏராளமான குட்டிச் சொற்களை உடனே கட்டிவிடலாம் என்பதுதான். இருபத்தாறு எழுத்துகளையும் கற்றபின்தான் ஒரு சொல்லை வாசிக்கலாம் என்றால் எந்தப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. ஒலிக்கு அடங்காத ‘ஸெட்’, ‘வாஸ்’ போன்ற சொற்களைத் தனி வகையாகக் காட்டிக் கண்ணால் நினைவில் வைக்கச் செய்வதும் ஒழுங்காகவே அமைந்திருக்கிறது.

இதன் பெரிய சிறப்பு ஒலிப்பதிவு. மெய்யொலிகளை உயிர் ஒட்டாமல், தூய்மையாகச் சொல்கிறார்கள். எம் என்ற எழுத்து திரையில் வரும்போது ‘ம’ என்றோ ‘மெ’ என்றோ கேட்பதில்லை. ‘ம்ம்ம்’ என்று மட்டுமே கேட்கிறது. கூட்டி வாசிக்கும்போது இது எத்தனை முக்கியம் என்பது ‘மெ–ஏ–டெ’ என்று சொல்லப் பழகிவிட்டு, அதிலிருந்து ‘மேட்’ என்னும் சொல்லை எட்ட முடியாமல் திணறும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்குக் கைவசம் ஒரு முதலீடு இருக்கிறது. அதை மென்பொருள் அறியாது, நாம்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்தைத்தான் சொல்கிறேன். ‘ப்’ வேறு, ‘ப’ வேறு, இரண்டுக்கும் நடுவே சேர்ந்திருப்பது ‘அ’ என்னும் உயிர் என்று முதல் வகுப்பிலேயே கற்றுவிட்ட பிள்ளைக்கு, தனித்த மெய்யொலி என்னும் கருத்து புதிதன்று. ‘ம்’ உடன் ‘ஆ’ சேர்ந்தால் ‘மா’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, உண்மையில் ஒலிகளைக் கூட்டும் கலையை ஏற்கெனவே அறிந்திருக்கிறது. மலையாளவழிப் பிள்ளைகளுக்கு, நம் புள்ளியைப் போன்ற சந்திரக்கலைக் குறியும் உயிர் ஒட்டாத சில்லெழுத்துகளும் இதே வேலையைச் செய்கின்றன. அதனால், விளையாட்டைத் தொடங்குமுன் கரும்பலகையில் மெய்யெழுத்துகளை எழுதி, ‘இந்த மான்ஸ்டர் எப்போதும் புள்ளி வைத்த எழுத்தைத்தான் பேசும்’ என்று சொல்லிவிடுவது என் வழக்கம். பிறகு அதிகம் விளக்க வேண்டியிருப்பதில்லை. உயிரெழுத்துகளில் குறில் நெடில் பிரித்துக் கேட்கும் காதும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’, செம்மறியைக் குறிக்கும் ‘ஷீப்’ ஆகிய இரண்டையும் அவர்கள் குழப்பிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இடறும் இடம் வேறு. தமிழில் ‘பேட்’ என்று எழுதிக்காட்டினால் அது கிரிக்கெட் மட்டையாக இருக்கலாம். முதுகில் தட்டிக்கொடுப்பதாக இருக்கலாம். கெட்டது என்று பொருள்படலாம். தேர்வுக்கு எடுத்துச்செல்லும் அட்டையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவை நான்கு சொற்கள். நான்குக்கும் எழுத்துக்கூட்டு வேறு. நம் எழுத்துமுறையில் ஒலிப்புள்ள (தொண்டை அதிரும்) மெய்க்கும் ஒலிப்பிலா (அதிராத) மெய்க்கும் தனித்தனி வடிவம் இல்லை. சொல்லில் நிற்கும் இடத்தைக் கொண்டு நாமே ஒலித்துக்கொள்கிறோம். மலையாளம் எழுதப் பழகிய பிள்ளைகள் இந்த நான்கையும் வெவ்வேறு எழுத்துகளால் எழுதிக்காட்டிவிடுகிறார்கள். ஆகவே பி (B), பீ (P) இரண்டும், டி (D), டீ (T) இரண்டும் எதிரெதிராக வரும் கட்டங்களில் தமிழ்வழிப் பிள்ளை தவறான எழுத்தைத் தொட்டு மான்ஸ்டரை ஏமாற்றமடையச் செய்வதும், பக்கத்திலிருக்கும் மலையாளவழிப் பிள்ளை எடுத்துக்கொடுப்பதும் எங்கள் வகுப்பில் வழக்கமான காட்சி. தொண்டையில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். உதட்டுக்கு முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, எந்த ஒலிக்கு அது படபடக்கிறது என்று கவனிக்கச் சொல்வேன். மென்பொருள் இதைச் செய்வதில்லை. ஆனால் இரு ஒலிகளையும் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுகிறது. எந்த ஆசிரியருக்கும் அந்தப் பொறுமை வாய்க்காது.

சொல்லின் இறுதியில் உகரம் ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தையும் (‘கப்பு’, ‘பஸ்ஸு’, ‘பென்னு’) சொல்லின் முதலில் இகரம் முளைப்பதையும் (‘இஸ்டாப்பு’) இந்த ஒலிப்பதிவுகள் ஓரளவு சரிசெய்கின்றன. ஓரளவு என்று சொல்வதற்குக் காரணம், இந்த விளையாட்டு பிள்ளையின் குரலைக் கேட்பதில்லை. பிள்ளை வாயே திறக்காமல், சுட்டியைச் சொடுக்கிக்கொண்டே எத்தனையோ கட்டங்களைக் கடந்துவிடலாம். ஆகவே, சொல்லை உரக்கச் சொன்ன பிறகுதான் சொடுக்க வேண்டும் என்பதை வகுப்பின் சட்டமாக வைத்திருக்கிறோம். வாசகசாலையில் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களுக்கு இது கொஞ்சம் தொல்லைதான்.

குரல் பிரிட்டிஷ் குரல் என்பது இன்னொரு செய்தி. இந்த எல்லையோரத்தில் அது வேடிக்கையான பலன் தருகிறது. தமிழர் ‘டாக்டர்’ என்பார்கள், மலையாளிகள் ‘டோக்டர்’ என்பார்கள். ‘காலேஜ்’, ‘கோளேஜ்’ என்பதும் அப்படியே. விளையாட்டில் ஓ என்னும் எழுத்துக்குக் கேட்கும் குற்றொலி இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. எனவே எங்கள் வகுப்பில் யார் உச்சரிப்பு சரி என்ற சண்டையில் இரு தரப்பும் தோற்கின்றன. இதைவிடக் கவனிக்க வேண்டியது, ஏயும் ஆரும் சேர்ந்த இணை. பிரிட்டிஷ் உச்சரிப்பில் அங்கே ரகரம் ஒலிக்காது. ‘கார்’ என்பது ‘கா’ என்று நீண்டு நின்றுவிடும். நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. ‘மான்ஸ்டரின் ஊரில் அப்படி, நம் ஊரில் ரகரத்தைச் சொல்வோம்’ என்று ஒருமுறை தெளிவுபடுத்திவிட்டால் போதும். எழுத்துக்கூட்டு மறக்காமல் இருக்கவும் நம் உச்சரிப்பே உதவுகிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபோனிக்ஸ் முறை ஓர் எதிர்பார்ப்பின்மேல் நிற்கிறது: பிள்ளை ஒலிகளைக் கூட்டி முடித்ததும், அந்தச் சொல் அதன் காதில் முன்பே குடியிருக்க வேண்டும். லண்டனில் வளரும் ஐந்து வயதுப் பிள்ளை ‘ஃப்–இ–க்’ என்று தட்டுத்தடுமாறிக் கூட்டியதும், அத்திப்பழத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை அது எங்கேனும் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. கேட்டிருந்தால் ‘அடடே, இதுவா’ என்று அதன் முகம் மலரும். எங்கள் பிள்ளை அதே சொல்லைத் துல்லியமாகக் கூட்டிவிட்டு, அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்க்கும். 1986இல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் ஆகிய ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாக விளக்கினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனை மொழியைப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்பு. இரண்டில் ஒன்று சுழியானால் விடையும் சுழி. இந்த விளையாட்டு முதல் எண்ணை அழகாக உயர்த்துகிறது. இரண்டாவது எண் வீட்டிலிருந்தே வந்துவிடும் என்று அது கருதிக்கொள்கிறது. பிரிட்டனில் அது நியாயமான கருத்து.

இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஒரு ஃபோனிக்ஸ் சோதனை நடத்துகிறார்கள். அதில் வாசிக்க வேண்டிய சொற்கள் 40. அவற்றில் 20 பொருளற்ற, புனைந்த சொற்கள். மனப்பாடத்தால் தப்பிக்காமல் உண்மையாகவே ஒலிகூட்டுகிறதா என்று பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. புனைந்த சொல்லின் பக்கத்தில் ஒரு விநோத உயிரினத்தின் படம் இருக்கும். எங்கள் வாசகசாலையில் அந்தத் தாளை வைத்தால் 40 சொற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட வேண்டிவரும். ஒரு பிள்ளை பத்துச் சொற்களைப் பிழையின்றி வாசித்துவிட்டு ஒன்றுக்கும் பொருள் தெரியாமல் நிற்பதைப் ‘படிக்கத் தெரிந்துவிட்டது’ என்று பெற்றோர் மகிழ்வதுதான் இந்த மென்பொருளால் வரக்கூடிய பெரிய ஏமாற்றம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நம் வீட்டுப் பேச்சிலேயே ஆங்கிலச் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. பஸ், கப், மக், பெட், ஃபேன், வேன், செட், கட், பின், டின், நெட், கேஸ் என்று பிள்ளையின் வாயில் நாள்தோறும் புழங்கும் குட்டிச் சொற்களை எழுதி ஒட்டினோம். விளையாட்டில் அன்று கற்ற எழுத்துகளைக் கொண்டு எந்தச் சொல்லை வாசிக்க முடியுமோ அதை அன்றே எடுத்துக்கொள்கிறோம். ‘ப்–அ–ஸ்’ என்று கூட்டிய பிள்ளை ‘பஸ்!’ என்று கத்துகிறதே, லண்டன் பிள்ளைக்குக் கிடைக்கும் அதே மலர்ச்சி அங்கே கிடைத்துவிடுகிறது. விளையாட்டில் வரும் அறியாத சொற்களுக்கு, அன்றன்றே தமிழில் பொருள் சொல்லி, முடிந்தால் பொருளையே கையில் கொடுத்துவிடுகிறேன். அத்திப்பழத்துக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

வாக்கியங்களுக்குப் போகும் கட்டத்தில் இந்த விளையாட்டை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும், பல கதைகள் மலையாளத்திலும், வாசிப்பு நிலை வாரியாகக் கிடைக்கின்றன. அச்சிட்டுக்கொள்ளவும் உரிமம் உண்டு. கதையை முதலில் தமிழில் படித்துவிட்டால், ஆங்கிலப் பக்கத்தில் பொருள் காத்துக்கொண்டிருக்கும். அதன்பின் கூகுளின் ரீட் அலாங் செயலி. 2019இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் வெளியாகி, 2020இல் ஒன்பது மொழிகளோடு உலகெங்கும் விரிந்தது. அந்த ஒன்பதில் தமிழும் தெலுங்கும் இருந்தன, மலையாளம் இல்லை. இது ஃபோனிக்ஸ் கற்பிக்கும் கருவி அன்று. பிள்ளை உரக்க வாசிப்பதைக் கேட்டு, தடுக்கும் சொல்லை எடுத்துக்கொடுக்கும் துணை. மான்ஸ்டர் கேட்காத குரலை இது கேட்கிறது என்பதால் இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. ஒலிகூட்டத் தெரியாத பிள்ளையிடம் இதை முதலிலேயே கொடுத்தால், அது சொல்லித்தரச் சொல்லித்தரத் திரும்பச் சொல்லும் கிளிப்பிள்ளைப் பழக்கமே வரும்.

ஒப்பீட்டுக்காக, ‘முழுமையான ஃபோனிக்ஸ் பயிற்சி’ என்ற விளம்பரத்தோடு வரும் கட்டணச் செயலி ஒன்றையும் ஒரு பெற்றோர் வாங்கி எங்களிடம் கொடுத்திருந்தார். மெய்யொலிகள் எல்லாவற்றுக்கும் வாலாக ஓர் அகரம் தொங்கியது. படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கும் பயிற்சியையே ஃபோனிக்ஸ் என்று அழைத்திருந்தார்கள். சந்தாவோ, கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. பெயரைச் சொல்லாமல் ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன்: எந்தச் செயலியை வாங்குமுன்னும் எம், எஸ், டீ ஆகிய மூன்றின் ஒலியைக் கேளுங்கள். மூன்றில் ஒன்றிலாவது ‘அ’ ஒட்டிக்கொண்டு வந்தால் வாங்க வேண்டாம்.

நடைமுறைச் செய்திகள் சில. ஆசிரியர் கணக்கு ஒன்றைத் தொடங்கினால் அதன்கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி நுழைவும், யார் எந்த எழுத்தில் தடுமாறுகிறார் என்ற பதிவும் கிடைக்கின்றன. பிள்ளைகளின் உண்மைப் பெயருக்குப் பதிலாகச் செல்லப்பெயர்களைக் கொடுத்திருக்கிறோம்; அதனால் எதுவும் குறைவதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு மான்ஸ்டர் என்ற கணக்கில் செய்யப்பட்ட விளையாட்டு என்பதால், கூட்டமாக உட்கார்ந்தால் விரைந்து பதில் சொல்பவரே எல்லாவற்றையும் முடித்துவிடுவார். இருவர் வீதம் உட்காரவைத்து, ஒருவர் சொல்ல மற்றவர் சொடுக்க வேண்டும் என்று பிரிப்பது நல்லது. நான்காம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மான்ஸ்டர் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது. அவர்களுக்குச் சொல் அட்டைகளே போதும்.

கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் எஃப், எஸ், டீயும் ஹெச்சும் சேர்ந்த இணை ஆகிய மூன்றும் ஒரே சீறலாகத்தான் கேட்கும். ஒலியைப் பிரித்தறியக் கற்பிக்கும் மென்பொருளை அப்படிக் கேட்பதில் பயனில்லை. டேப்லெட்டுக்குச் செயலி வாங்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம், வீட்டில் கணினியும் ஓரளவு இணைய இணைப்பும் இருந்தால் முதலில் உலாவியிலேயே விளையாட விட்டு, அந்தப் பணத்தில் காதை முழுதாக மூடும் ஹெட்போன் இரண்டு வாங்குங்கள், ஒன்று பிள்ளைக்கு, மற்றொன்று பக்கத்தில் உட்காரப்போகும் உங்களுக்கு என்றுதான் சொல்கிறேன்.